சிறுமலை ஜீப்பின் முன் ஆக்சில்: எந்த டிஃபரன்ஷியல் போடுவது?

திரும்பும்போது ஒரே ஆக்சிலின் இரண்டு சக்கரமும் தத்தம் வேகத்தில் ஓட விடும் பல்சக்கரக் கூட்டம்தான் டிஃபரன்ஷியல். வண்டி பழைய மகிந்திரா டீசல் ஜீப். முன்னாலும் பின்னாலும் ஒரே குழாயாக ஓடும் கட்டி ஆக்சில், பட்டை ஸ்பிரிங், லிவரை இழுத்தால் மட்டும் நான்கு சக்கர இயக்கம், முன் சக்கரங்களில், வேண்டாதபோது சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து விடுவிக்கக் கையால் திருப்பும் ஃப்ரீவீல் ஹப். சிறுமலையில் ஒரு தோட்டத்துக்கு ஓடுகிறது. வாழைத்தார், எலுமிச்சை, மிளகு, பருவத்தில் காப்பி எல்லாம் இதில்தான் வெளியே வரும். அந்த மலையில் இன்றும் குதிரை முதுகில் சுமை ஏற்றும் தோட்டங்கள் உண்டு. ஜீப் போகிற தோட்டம் என்றாலே பாதை சுமார்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

தோட்டம் தார்ச் சாலைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. வெறும் வண்டி இறங்கும், சரக்கு வண்டி ஏறும். இது மாறியிருந்தால், அதாவது சரக்கோடு இறங்குகிற தோட்டமாக இருந்திருந்தால், வண்டி மதுரைக்கு என் பட்டறை தேடி வந்தே இருக்காது.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் தோட்டக்காரர் வண்டியோடு புதூர் தொழிற்பேட்டைக்கு வந்தார். என்ன வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை: லாக்கர், அதாவது ஆக்சிலின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டும் சாமான்.

“அண்ணே, பின்னாடி லாக்கர் ஏற்கெனவே கெடக்கு. முன்னாடியும் ஒண்ணு போட்டு விட்ருங்க. ரெண்டும் லாக் ஆயிட்டா மரத்துலகூட ஏறும்னு சொல்றாங்க.”

“மரத்துல ஏறும். கொண்டை ஊசில திரும்புமான்னு பாக்கணும்ல.”

அவர் சிரித்தார். ஆனாலும் இந்த ஆய்வு முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வருகிறது. பின் ஆக்சிலுக்கு டிஃபரன்ஷியல் தேர்ந்தெடுக்கும்போது எது நன்றாகப் பிடிக்கும் என்று பார்த்தாலே பெரும்பாலும் போதும். முன் ஆக்சில் அப்படியில்லை. அது இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். திரும்பிய நிலையில் இழுக்கும் முட்டு, அதாவது ஷாஃப்ட் மடங்கும் இணைப்பு, உடையாமலும் இருக்க வேண்டும்.

சாதா டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது என்பதை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன்கள் என்ற சிறு பல்சக்கரங்கள் இரண்டு பக்கமும் எப்போதும் சம விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கி 10 கிலோ விசைக்கு மேல் தாங்காது என்றால், எதிர்ப்பக்கம் பாறையில் கெட்டியாக நின்றாலும் அதற்கும் 10 கிலோதான். வழுக்குகிற சக்கரத்துக்கே எல்லா சக்தியும் போய்விடுகிறது என்று சொல்வார்கள், அது தவறு. இரண்டுக்கும் சமமாகத்தான் போகிறது. ஆனால் அந்தச் சமம் பலவீனமான பக்கத்தின் அளவில் நின்றுவிடுகிறது. டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு பின் டயர் சும்மா சுற்றும்போது காலடியில் இருக்கும் டிஃபரன்ஷியல் லாக் பெடலை மிதிப்பார்கள், ஏறியதும் விட்டுவிடுவார்கள், திருப்பும்போது தொடவே மாட்டார்கள். டிராக்டரில் அந்த லாக் வேலை செய்வது பின் ஆக்சிலில்தான்.

முதலில் ஹப்

புதிய சாமான் வாங்குவதற்கு முன் இருப்பது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு ஹப்பையும் பிடிக்கிற நிலைக்குத் திருப்பிவிட்டு, முன் ஆக்சிலுக்கு விசை கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றினோம். வலது சக்கரம் சும்மா நிற்க, இடது பக்கம் உள்ளே ‘கடக் கடக்’ என்று சத்தம். இடது சக்கரமும் அசையவில்லை. ஹப்பைப் பிரித்தால் உள்ளே பல் மழுங்கி, பாதி ஆழம்தான் பிடிக்கிறது. கொஞ்சம் விசை வந்ததும் நழுவிவிடும்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. சாதா டிஃபரன்ஷியல் உள்ள முன் ஆக்சிலில் ஒரு பக்க ஹப் பிடிக்கவில்லை என்றால் பாதி இழுவை மிஞ்சும் என்று நினைக்கக் கூடாது. மொத்த முன் ஆக்சிலும் செத்தது. பிடிக்காத பக்கத்து ஷாஃப்ட் காற்றில் சுற்றுவதற்குச் சமம். அதன் எதிர்ப்பு எவ்வளவோ அவ்வளவுதான் மறுபக்கத்துக்கும். ஆக இந்த வண்டி பல மாதமாக லிவரை நான்கு சக்கரத்தில் போட்டுவிட்டு இரண்டு சக்கரத்தில்தான் ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் தம்பி இதைக் கேட்டுவிட்டு, “அப்ப நான்தான் இத்தனை நாளா தள்ளிட்டு இருந்திருக்கேன்” என்றார்.

ஹப் இரண்டும் மாற்றி, டயர் காற்றையும் பேசி முடித்தோம். தார்ச் சாலைக்கு ஏற்ற கல் மாதிரி காற்றோடு தோட்டப் பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாதைக்குள் நுழையும்போது 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவது, வெளியே வந்ததும் ஏற்றுவது என்று முடிவானது. சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்ன பம்ப் போதும். டயர் தரையில் படியும் நீளம் கூடுகிறது, கல்லைத் தள்ளிவிடாமல் அணைத்துப் பிடிக்கிறது. இந்த இரண்டு வேலைக்கும் ஆன செலவு, அவர் கேட்ட லாக்கரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வண்டி போனது. பாதையின் மற்ற இடமெல்லாம் ஏறியது. ஒரே ஒரு வளைவில் மட்டும் மறுபடியும் நின்றது.

அந்த ஒரு வளைவு

நேரில் போய்ப் பார்த்தேன். வளைவு வலப்பக்கம் திரும்புகிறது. மேலே இருந்து ஓடிவரும் மழைநீர் பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. இடது முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கும் நேரத்தில் வலது பின் சக்கரம் இன்னொரு பள்ளத்தின் மேல் நிற்கிறது. எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரம் எடை இழப்பது, மலைப்பாதையில் ஜீப் நிற்கிற வழக்கமான கோணம். பள்ளத்தில் கல் அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு நல்ல மழைக்கும் கல் கீழே போய்விடுகிறது.

சக்கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, போனில் இரண்டு பக்கமும் படம் பிடித்தோம். பின் சக்கரம் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றி மண்ணைப் பறித்தன. பின்னால் உள்ள தானியங்கி லாக்கர் வேலை செய்கிறது என்று அர்த்தம். முன்னால் இடது சக்கரம் மட்டும் சுற்றியது, வலது அசையவே இல்லை. இன்னொன்றும் படத்தில் தெரிந்தது: ஸ்டியரிங் முழுக்க வலப்பக்கம் ஒடித்திருந்தும் வண்டியின் மூக்கு நேராக வெளிவிளிம்பைப் பார்த்து நகர்ந்தது. பின்னால் பூட்டிய இரண்டு சக்கரமும் சேர்ந்து முன்பக்கத்தை நேராகத் தள்ளுகின்றன. முன்பக்கம் இழுக்காததால் திருப்பவும் முடியவில்லை.

எடை மேடையில் சரக்கோடு வண்டி 2,000 கிலோ. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடுத்ததில் முன்னால் 800, மீதி 1,200 பின்னால். வளைவின் சரிவு ஏறத்தாழ 14 டிகிரி, அதாவது நான்கு அடி போனால் ஒரு அடி ஏற்றம். இந்தச் சரிவில் எடை பின்னால் சாயும். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 0.7 மீட்டர், சக்கர இடைவெளி 2.3 மீட்டர் என்று வைத்தால் சுமார் 150 கிலோ முன்னாலிருந்து பின்னால் போய்விடுகிறது. சரிவில் தரையை அழுத்தும் எடையும் கொஞ்சம் குறைவதால் முன் ஆக்சிலில் மிஞ்சுவது 630 கிலோ, பின்னால் 1,310.

ஏறத் தேவையான விசை, சரிவுக்கும் உருளும் எதிர்ப்புக்கும் சேர்த்து 585 கிலோ வருகிறது. ஈரக் கல்மண்ணில் பிடிப்பு, எடையில் 40 சதவீதம் என்று எடுத்தால் பூட்டிய பின் ஆக்சில் 524 கிலோ தரும். பாக்கி 61 கிலோ. அதைத்தான் முன் ஆக்சில் தர வேண்டும். பெரிய தொகை இல்லை. ஆனால் பள்ளத்தில் தொங்கும் இடது சக்கரத்தின் மேல் 60 கிலோதான் எடை, அடியில் வழுக்கு மண். அது தாங்குவது 12 கிலோ. சாதா டிஃபரன்ஷியல் என்பதால் வலப்பக்கமும் 12. மொத்தம் 24. வண்டி 37 கிலோ குறைவில் நிற்கிறது.

வலது முன் சக்கரத்தின் மேல் 570 கிலோ எடை சும்மா உட்கார்ந்திருக்கிறது. அது 228 கிலோ விசை தரக் கூடிய இடம். அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுத்தால் போதும். எவ்வளவு எடுப்பது, எப்படி எடுப்பது என்பதுதான் இப்போது தேர்வு.

என்னென்ன வழி

முன் ஆக்சிலுக்கு எதுவும் போடாமல் விடுவதையும் ஒரு வழியாகவே எண்ண வேண்டும். கம்பெனிகள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன. 2022-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் லாக் பின் ஆக்சிலுக்கு மட்டும்தான். 2020 மகிந்திரா தாரில் முன்னால் சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து அடக்குகிறார்கள், பூட்டு இல்லை. முன்னும் பின்னும் லாக் கொடுத்த இந்திய வண்டி ஃபோர்ஸ் குர்கா. அதிலும் அது டிரைவர் கையில் இருக்கும் லிவர். வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது எடுக்கலாம். தானாகவே பூட்டிக்கொள்ளும் ஒன்றை இப்படிப்பட்ட வண்டிகளின் முன் ஆக்சிலில் பெரும்பாலும் கம்பெனியிலேயே போட்டு அனுப்புவதில்லை என்பதைக் கவனிக்கலாம்.

தோட்டக்காரர் கேட்டது அந்தத் தானியங்கிதான். இருக்கிற டிஃபரன்ஷியல் கூண்டுக்குள்ளேயே ஸ்டார் பினியனை எடுத்துவிட்டு உள்ளே நுழைக்கிற வகை. புரொப்பல்லர் ஷாஃப்டின் விசையை ஆக்சிலுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனைத் தொட வேண்டாம், விலையும் குறைவு, ஒரு நாளில் வேலை முடியும். இழுக்கும்போது இரண்டு பக்கமும் பூட்டும். திரும்பும்போது வெளிச்சக்கரம் முந்திக்கொண்டு ஓடினால் அந்தப் பக்கப் பல் விலகிக் கொடுக்கும். நேர்ப் பாதையில் ஏறுகிற வண்டிக்கு மலிவான நல்ல சாமான். ஆனால் ஏற்றத்தில் திரும்பும்போது ஆக்சிலேட்டர் மிதித்தே ஆக வேண்டும். மிதித்தால் பூட்டும், பூட்டினால் முன்பக்கமும் நேராகப் போகப் பார்க்கும். பின்னால் ஏற்கெனவே ஒன்று நேராகத் தள்ளுகிறது; முன்னாலும் ஒன்று சேர்ந்தால் அந்த வளைவில் மூக்கு போகிற திசை பள்ளத்தாக்குதான். பூட்டு விட்டுப் பிடிக்கும்போது ஸ்டியரிங்கில் அடிக்கிற உதறலைச் சொல்லவே வேண்டாம். பவர் ஸ்டியரிங் இல்லாத ஜீப்பில் அது கட்டை விரலைப் பதம் பார்க்கும்.

அடுத்தது டிரைவர் போடுகிற லாக். காற்று அழுத்தத்தில் பூட்டுவது, மின்காந்தத்தில் பூட்டுவது, கேபிள் இழுத்துப் பூட்டுவது என்று உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி காற்று லாக்கர் 1980-களின் பிற்பாதியிலிருந்து இதற்கே பேர் போனது. பூட்டாதபோது சாதா டிஃபரன்ஷியல், பூட்டினால் நூற்றுக்கு நூறு. கேட்கும்போது இதைவிட நல்லது இல்லை என்றுதான் தோன்றும். எனக்கும் பிடித்த சாமான். ஆனால் இந்த வண்டி நிற்கிற இடம் ஸ்டியரிங் முழுக்க ஒடித்த வளைவு. முன் லாக் எங்கே போடக் கூடாதோ அங்கேதான் இவருக்கு அது தேவைப்படுகிறது. கூடவே கம்ப்ரசர், காற்றுக் குழாய், வால்வு, வயரிங் எல்லாம் சேற்றில் ஓடும் தோட்ட வண்டிக்குக் கூடுதல் பராமரிப்பு. எலி கடிக்கிற குழாய் இன்னொன்று சேரும்.

உரசல் தகடுகளால் ஒரு பக்கம் தனியாகச் சுற்றுவதை ஓரளவு தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் வகையைச் சீக்கிரம் தள்ளிவிட்டோம். தகடு தேயும், தேய்ந்தால் சாதா டிஃபரன்ஷியல் ஆகிவிடும், அதற்கென்று தனி எண்ணெய்ச் சேர்மானம் வேண்டும்.

பொது வண்டிகளில் பலரும் பார்த்திருக்கும் ஈட்டன் மெக்கானிக்கல் லாக் பற்றியும் கேட்டார். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே நிமிடத்துக்கு 100 சுற்று அளவு வேறுபாடு வந்ததும் உள்ளே இருக்கும் எடைத்துண்டு விரிந்து பூட்டும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 1973 முதல் வருகிறது, இங்கே மகிந்திரா வண்டிகளில் பின்னால் வருகிறது. பின் ஆக்சிலுக்கு அருமையான பொருள். திருப்பிக்கொண்டிருக்கும் முன் ஆக்சிலில் ‘டப்’ என்று முழுசாகப் பூட்டுகிற ஒன்றை வைப்பது தானியங்கி லாக்கருக்குச் சொன்ன அதே காரணத்தால் வேண்டாம்.

மீதி இருந்தது ஹெலிக்கல் கியர் வகை. டார்சன், குவைஃப், ஈட்டனின் ட்ரூட்ராக் எல்லாம் இந்தக் குடும்பம். முதல் வடிவத்துக்கு அமெரிக்காவின் வெர்னான் கிளீஸ்மன் 1958-ல் காப்புரிமை பெற்றார். உள்ளே ஸ்டார் பினியனுக்குப் பதில் சாய்வுப் பல் வெட்டிய சிறு உருளைகள். விசை ஏறும்போது இந்த உருளைகள் கூண்டின் சுவரில் அழுந்தி உரசும். அந்த உரசல்தான் ஒரு பக்கத்தை மட்டும் தனியாக ஓட விடாமல் பிடிக்கிறது. வழுக்குகிற பக்கம் எவ்வளவு தாங்குகிறதோ அதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு வரை மறுபக்கத்துக்குப் போகும். பூட்டும் சத்தம் கிடையாது, விட்டுப் பிடிக்கும் உதறல் கிடையாது. ஸ்டியரிங்கில் லேசான இழுப்பு தெரியும், அவ்வளவுதான். திரும்பும்போது சக்கரங்கள் தத்தம் வேகத்தில் ஓடும்.

பெருக்கல் என்பதால் ஒரு ஓட்டையும் உண்டு. சக்கரம் முழுக்க அந்தரத்தில் தொங்கினால் பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம். நம் வளைவில் இடப்பக்கம் 12 கிலோ என்றால் வலப்பக்கம் 36, மொத்தம் 48. பின்னால் வரும் 524-ஐச் சேர்த்தால் 572. இன்னும் 13 கிலோ பற்றவில்லை.

இதற்கு வழி பிரேக்கில் இருக்கிறது. ஏறும்போதே இடது காலால் பிரேக்கை லேசாக மிதித்தால் தொங்கும் சக்கரத்துக்கும் ஒரு எதிர்ப்பு கிடைக்கிறது. சக்கரத்துக்கு 60 கிலோ அளவு பிரேக் என்று வைப்போம். இடப்பக்க ஷாஃப்டில் இப்போது 12-ம் 60-ம் சேர்ந்து 72. வலப்பக்கத்துக்கு மூன்று மடங்கு, 216. அங்கேயும் பிரேக் 60 தின்றுவிட்டால் தரைக்கு 156 போகும். முன் ஆக்சில் மொத்தம் 168, பின்னால் அதே 524. சேர்த்தால் 692, தேவையோ 585. பிரேக் நான்கு சக்கரத்தையும் பிடிக்கிறதே, பின்னால் குறையாதா என்று கேட்கலாம். வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் லோ ரேஞ்சில் முதல் கியரில் எஞ்சினிடம் விசைக்குப் பஞ்சமில்லை. பற்றாக்குறை டயர் பிடிப்பில்தான். பிரேக் தின்பதை எஞ்சின் கொடுத்துவிடும். அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீயில் முன்னும் பின்னும் டார்சன் வகைதான். அதன் ஓட்டுநர்களுக்கு பிரேக்கும் ஆக்சிலேட்டரும் சேர்த்து மிதிப்பதைப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

முட்டு எவ்வளவு தாங்கும்

தோட்டக்காரர் விடவில்லை. முழு லாக் போட்டால் 228-ம் கிடைக்குமே, ஏன் விட வேண்டும் என்றார். நியாயமான கேள்வி.

முன் ஆக்சிலின் ஒவ்வொரு ஷாஃப்டும் நடுவில் ஒரு முட்டில் இரண்டாகப் பிரிகிறது. சக்கரம் திரும்ப வேண்டுமே. இந்த ஜீப்பில் அது நாலு காது வைத்த கிராஸ் முட்டு. நேராக இருக்கும்போது பலசாலி. ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்க அதே விசைக்குக் கிராஸின் காதுகள் மேல் வரும் பாரம் கூடிக்கொண்டே போகும், சுற்றும் வேகமும் ஒரே சீராக இல்லாமல் துடிக்கும். சாதா டிஃபரன்ஷியலில் ஒரு ஷாஃப்டுக்கு ஆக்சில் விசையில் பாதிக்கு மேல் போகாது. பூட்டிவிட்டால் முழு விசையும் பிடிப்புள்ள ஒற்றை ஷாஃப்டில் இறங்கும். ஈர மண்ணில் 228 கிலோ என்பது சரி. ஆனால் அதே சக்கரம் காய்ந்த பாறையில் ஏறினால் பிடிப்பு இரட்டிப்பாகும், 0.36 மீட்டர் டயர் ஆரத்துக்கு 1,600 நியூட்டன் மீட்டரைத் தொடும், அதுவும் முழுக்க ஒடித்த நிலையில். கிராஸின் காது முறிந்து, முட்டைச் சுற்றியிருக்கும் நக்கிள் உறையின் உள்ளே அடித்து, வண்டி வளைவை மறித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பாதைக்கு இழுவை வண்டி வராது.

இன்னொரு காரணமும் உண்டு. இப்படிப்பட்ட முன் ஆக்சிலில் வண்டி முன்னால் போகும்போது கிரவுன் வீல், பல்லின் பின்முகத்தில்தான் தள்ளு வாங்குகிறது. பின் ஆக்சிலில் முன்முகத்தில் வாங்கும். பின்முகம் பலத்தில் கொஞ்சம் குறைவு. அதற்கு அதிர்ச்சி அடி ஆகாது.

ஹெலிக்கல் வகையில் மறுபக்கத்துக்குப் போவது எப்போதும் தொங்கும் பக்கத்தின் மூன்று மடங்குக்குள் நிற்கிறது. அதுவே முட்டுக்கு ஒரு காப்பு. நான் இந்த வண்டிக்கு இதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பிடிப்பைவிட இந்தக் காப்புதான் பெரிய காரணம். நேரான பாதையில், நீரோடையைக் கடக்கையில் மாட்டுகிற வண்டியாக இருந்திருந்தால் கையால் போடும் லாக்கைத்தான் சொல்லியிருப்பேன்.

பிரித்துப் போட்டது

ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஆக்சிலைப் பிரித்து அளந்தோம். இந்த ஜீப்புகளின் ஆக்சில் அமெரிக்க ஸ்பைசர் வடிவத்தின் வழியில் வந்தது. வெளியே பார்க்க ஒன்று போலிருந்தாலும் உள்ளே ஷாஃப்ட் நுனியில் வெட்டிய ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கை, பேரிங் அளவு, கிரவுன் போல்ட் துளை, பல் விகிதத்துக்கு ஏற்ற கூண்டு உயரம் எதுவும் வருஷத்துக்கு வருஷம் ஒத்துப்போகும் என்று நம்பக் கூடாது. அதிலும் பல கை மாறிய வண்டியில் எது எந்த வண்டியின் ஷாஃப்ட் என்று அதற்கே தெரியாது. ஸ்ப்ளைனை விரலால் தொட்டு எண்ணி, பெயிண்ட் தொட்டு அடையாளம் வைத்து, மறுபடி எண்ணிய பிறகுதான் பணம் அனுப்பச் சொன்னேன். இறக்குமதிச் சாமான் தவறி வந்தால் திருப்பி அனுப்புவது பெரிய தலைவலி.

கூண்டு மாறும்போது கிரவுன் பினியன் செட்டிங்கைப் புதிதாகச் செய்தே ஆக வேண்டும். இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடான சிம்மைப் பழையபடி அப்படியே போட்டு மூடுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. ஊளைச் சத்தத்துக்கு அதுதான் தாய். டயல் கேஜ் வைத்து பல்லிடை ஆட்டத்தை 0.15 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தோம். கிரவுனை ஒரு முழுச் சுற்று சுற்றி நான்கு இடத்தில் பார்க்க வேண்டும், ஒரே இடத்தில் பார்த்தால் வளைந்த கிரவுன் ஏமாற்றிவிடும். பல்லில் புளூ மை தடவிச் சுற்றி, அச்சு பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்தது மூன்றாவது. முன் ஆக்சில் என்பதால் பின்முகத்து அச்சுக்குத்தான் முதல் மரியாதை. சைடு பேரிங்குக்கு முன்னழுத்தம் வைத்து ஏற்றும்போது கூண்டு எளிதாக உள்ளே விழக் கூடாது, கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும்.

எண்ணெய் சாதா கனிம ஜிஎல்-5, 80டபிள்யூ-90. உரசல் குறைக்கும் சேர்மானம் எதுவும் ஊற்றக் கூடாது. உரசலில்தான் இது வேலையே செய்கிறது. அதைக் குறைக்க நாமே காசு கொடுப்பதாகிவிடும். ஆக்சில் மேலே இருக்கும் மூச்சுக் குழாயில் மண் அடைத்திருந்தது, அதையும் சுத்தம் செய்து நீட்டிவிட்டோம்.

மாட்டி முடித்ததும் பட்டறைப் பையன் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தான். லேசாகச் சுற்றியது. “அண்ணே, இது பிடிக்கவே இல்லையே” என்றான். பிடிக்காது. விசை ஏறினால்தான் உருளைகள் சுவரில் அழுந்தும். தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் சாதா டிஃபரன்ஷியலும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்று போலத்தான் தெரியும். இதைப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அதனால் வண்டியை ஒப்படைக்கும்போதே தோட்டக்காரருக்கும் இதைச் செய்து காட்டினோம்.

மலையில்

அதே வளைவு, அதே அளவு சரக்கு. முதல் ஏற்றத்தில் டிரைவர் பழைய பழக்கத்தில் வேகமாக வந்து பாய்ந்தார், இடது சக்கரம் துள்ளி அந்தரத்தில் போனது, வண்டி நின்றது. வேகம் இங்கே எதிரி. சக்கரம் துள்ளினால் பெருக்குவதற்கு ஒன்றும் இருக்காது. லோ ரேஞ்ச் முதல் கியரில் மெல்ல விட்டு, சுற்ற ஆரம்பித்ததும் இடது காலால் பிரேக்கை நகம் அளவு மிதிக்கச் சொன்னேன். எஞ்சின் சத்தம் கனத்தது, வலது முன் சக்கரம் கல்லைப் பிடித்தது, மூக்கு வலப்பக்கம் வந்தது. டிரைவர் தம்பிக்கு ஏறியதைவிட ஸ்டியரிங் கேட்டதுதான் ஆச்சரியம்.

மண் கொஞ்சம் காய்ந்த பிறகு பிரேக் இல்லாமலே ஏறுகிறது. தொங்கும் சக்கரத்தின் மேல் 130 கிலோ எடையும் சுமாரான பிடிப்பும் இருந்தால் இடம் 39, வலம் 117 என்று 156 கிலோ கிடைத்துவிடும். சாதா டிஃபரன்ஷியலில் 78-தான்; தேவையான 61-க்கு அது போதும், ஆனால் கையிருப்பு குறைவு. கன மழை அன்று, பள்ளம் இன்னும் ஆழமாகும்போது, பிரேக் வித்தையும் கைகொடுக்காத நாள் வரும். அன்றைக்குக் கல் அடுக்கித்தான் ஏற வேண்டும். இதைத் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். தார்ச் சாலையில் ஹப்பை விடுவித்துவிட்டால் முன்னால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 18 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, மதுரை மாட்டுத்தாவணி வரை வழக்கம் போல ஓடுகிறது. பின்னால் உள்ள தானியங்கி மட்டும் வளைவுகளில் டயரைக் கீச்சிட வைக்கிறது. அது பழைய கதை.

கரிசலுக்கு வேறு கணக்கு

இந்த வேலையைப் பார்த்துவிட்டு அவர் மச்சான் கள்ளிக்குடிப் பக்கமிருந்து பிக்கப்போடு வந்தார். “மாமாவுக்குப் போட்டதையே எனக்கும் போடுங்கண்ணே.” அது முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் வகை, பின்னால் கம்பெனியே கொடுத்த மெக்கானிக்கல் லாக். சக்கரம் அந்தரத்தில் தொங்கும் பாதையே அவருக்கு இல்லை; சமதளக் கரிசல் காடு.

மழையில் நனைந்த கரிசல் டயர் பட்டன்களுக்குள் அப்பிக்கொண்டு நான்கு சக்கரத்தையும் வழுவழுப்பான உருளை ஆக்கிவிடும். நான்கும் ஒன்று போல வழுக்கும்போது இடம் வலம் பங்கிடுவதில் என்ன இருக்கிறது? இரண்டு பக்கமும் 40 கிலோ என்றால் சாதா டிஃபரன்ஷியலும் 80-தான் தரும், லாக்கரும் 80-தான் தரும். போதாததற்கு முழு லாக் போட்ட முன் ஆக்சில் கரிசலில் திரும்பாமல் உழவு சால் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் போகும். அவர் வண்டியில் சுற்றும் சக்கரத்தை பிரேக் மூலம் அடக்கும் மின்னணு வசதியும் இருந்தது. இயந்திரப் பூட்டு ஒன்றை நடுவில் செருகினால் அதன் கணக்கும் குழம்பும்.

முன் ஆக்சிலைத் தொடவில்லை. அகலமான டயரைக் கழற்றிவிட்டு, பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகமுள்ள, மண்ணை உதறித் தள்ளும் குறுகிய டயர் போடச் சொன்னேன். முன் ஷாஃப்டின் ரப்பர் உறை ஒன்று கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் கரிசல் இருந்தது. அதை மாற்றிக் கொடுத்து அனுப்பினோம். மச்சானுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மாமா வண்டியில் இருப்பது தன் வண்டியில் இல்லையே என்று.

ஜீப்புக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. பிரேக் மிதித்து ஏறுவதே முறை என்று ஆகிவிட்டதால் முன் பிரேக் லைனிங் சீக்கிரம் தேயும். இரண்டு பக்க டிரம்மும் ஒரே அளவு பிடிக்காவிட்டால் பெருக்கல் கணக்கே கெடும். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னிலும் லேசான ஆட்டம் வந்திருக்கிறது. வைகாசியில் எலுமிச்சை வரத்து குறையும்போது வண்டியை இரண்டு நாள் நிறுத்தி இரண்டையும் பார்த்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.